விசிலு

நாத்தனார் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். கணக்கு டீச்சர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். கணவனின் செல்போனில் இருந்தது அவள்தான். காலைப் பனியில், மைதானத்து வேலிக் கம்பியைப் பிடித்துக் குனிந்து, வாய் பிளந்து மூச்சுக்குத் தவிக்கிறாள். ஒவ்வொரு மூச்சுக்கும் கீச்சென்று ஒரு சத்தம். படம் எடுத்தவனின் சிரிப்பும் கூடவே கேட்டது.

"வா விசிலு, உன் கச்சேரிதான் நடக்குது" என்றான் கணவன்.

"உடம்பு குறையணும்னா கொஞ்சம் இரைக்கத்தான் செய்யும்" என்றாள் நாத்தனார், வாயில் சோற்றோடு.

 அன்று அந்தக் கம்பியைப் பிடித்தபோது டீச்சர் செத்துவிடுவோம் என்றே நினைத்திருந்தாள். ஓடி வந்து முதுகைத் தடவுவான் என்று திரும்பித் திரும்பிப் பார்த்திருந்தாள், பைத்தியக்காரி.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் யாரிடமும் சொல்லாமல் மருத்துவமனைக்குப் போனாள். டாக்டரம்மா ஒரு குழாயில் ஊதச் சொன்னார். வேகமாக நடக்கவிட்டு மறுபடியும் ஊதச் சொன்னார்.

"இது சோம்பேறித்தனம் இல்லம்மா. ஓடும்போது வாயால மூச்சு வாங்குறீங்க. குளிர்ந்த காத்து நேரா உள்ள போய் மூச்சுக்குழாய் சுருங்கிடுது. கிளம்புறதுக்குக் கால்மணி முன்னாடி இந்த இன்ஹேலரை இழுங்க. முதல்ல மெதுவா நடந்து உடம்பைச் சூடாக்குங்க. மூக்கையும் வாயையும் துணியால மூடிக்கங்க. சளி இருந்தா அன்னைக்கு ஓடவே வேண்டாம். மருந்துக்கும் அடங்கலைன்னா உடனே இங்க வரணும்."

"அப்ப நான் ஓடலாமா டாக்டர்?"

"தாராளமா."

அந்த ஒரு சொல்லுக்கே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த நாள் காலை எல்லாம் சொன்னபடியே செய்தாள். கணவன் வழக்கம்போல் சற்றுப் பின்னால் வந்தான். மெல்ல நடந்து, வேகத்தைக் கூட்டி, பிறகு ஓடினாள். அந்தக் கம்பி வந்தது, போனது. நெஞ்சு அடைக்கவில்லை. சால்வைக்குள் மூச்சு வெதுவெதுப்பாக வந்து போனது. இருந்த சந்தோஷத்தில் அவனிடம்கூடச் சொல்லலாம் போலிருந்தது. நின்று திரும்பினாள்.

அவன் செல்போனை நீட்டிப் பிடித்துக் காத்திருந்தான்.

"என்ன, இன்னைக்குச் சத்தமே காணோம்?" குரலில் நிஜமான ஏமாற்றம். "என் தம்பி வேற புது வீடியோ கேட்டுட்டே இருக்கான். சும்மா கீச்சுன்னு கொஞ்சம் இழுத்துக் காட்டேன்."

அவனுடைய ஈர உதடுகளைப் பார்க்கப் பார்க்க, புழு இருந்த பழத்தைப் பாதிவரை தின்றுவிட்டவளைப்போல் அவளுக்கு வாயெல்லாம் கசந்தது. எத்தனை வருஷமாகத் தின்றுகொண்டிருக்கிறாள்!

"போனை உள்ள வைங்க."

"ஏய், விளையாட்டுக்குத்தானே…"

அவள் ஓடத் தொடங்கினாள். வழக்கமாக வளையும் இடத்தில் வளையவில்லை. திறந்து கிடந்த மைதானத்து வாசல் வழியே சாலையில் இறங்கினாள். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன.