கரி ஒட்டாத சட்டை

இந்தக் காலத்தில் அடி வாங்கினவனுக்குக் கோபமே வருவதில்லை. அடித்தவன் கும்பிடுகிறான், வாங்கினவன் பல்லைக் காட்டுகிறான், சுற்றி நிற்கிறவர்கள் போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். முதுகில் சுளீரென்று விழுந்த பிறகும் "நன்றி" என்று சொல்கிறவனை எதில் சேர்ப்பது? இஸ்திரிக் கடைப் பெரியவருக்கு இது பிடிபடவே இல்லை. திடலில் கட்டியிருந்த கயிற்றோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர், வந்ததிலிருந்து முனகிக்கொண்டே இருந்தார்.

தெருவில் அவருக்கு 'விறைப்பு' என்று பெயர். அவர் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை ஆள் இல்லாமலே நிற்கும் என்பார்கள். கழுத்தும் அதே கஞ்சியில் முக்கி எடுத்ததுதான் என்று அவர் காதுபடவே சேர்த்துக்கொள்வார்கள். அவருக்கு இரண்டிலும் பெருமைதான்.

அன்றைக்குச் சிலம்பப் போட்டியின் கடைசி ஆட்டம். இறங்கப்போகிறவள் அவருடைய மருமகள். பகலெல்லாம் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள், சாயங்காலமானால் மொட்டை மாடியில் கம்பு சுற்றுவாள். கொடியில் காயும் ஊரார் துணியெல்லாம் அந்தக் காற்றில் படபடக்கும். கீழேயிருந்து பெரியவர் கத்துவார். "இதோ முடிஞ்சிடுச்சு மாமா" என்று சொல்லிவிட்டு இன்னும் வேகமாகச் சுற்றுவாள். போன வருஷம் இதே ஆட்டத்தில் மயிரிழையில் தோற்றுவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். இந்த வருஷம் ஜெயித்தால்தான் அடுத்த ஊரில் நடக்கும் பெரிய போட்டிக்கு அனுப்புவார்கள்.

முந்தின நாளே பெரியவர் அவளுடைய வெள்ளைச் சட்டையை எடுத்தார். வழக்கத்தைவிடக் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி, முக்கி, காயவைத்து, கண்ணாடி மாதிரி பளபளக்கும்வரை தேய்த்துக் கொடுத்தார். அவள் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் காகிதப் பை மடங்குகிற சத்தம் கேட்டது.

"மாமா, கையை மடக்கவே முடியலையே."

"கம்பு பிடிக்கத்தானே போற? மடக்கி என்ன பண்ணப்போற?"

ஆட்டத்தின் விதி சிக்கலில்லாதது. கம்பின் நுனியில் துணி சுற்றிக் கரித்தூளில் புரட்டியிருப்பார்கள். அடி பட்ட இடத்தில் வெள்ளைத் துணியில் கறுப்பாகத் தடம் விழும். இடுப்புக்கு மேலே விழுவதுதான் கணக்கு. விசில் ஊதியதும் நடுவர் தடங்களை எண்ணுவார், குறைவாகக் கரி பட்டவர் ஜெயித்தவர். வெள்ளைச் சட்டையில் வேண்டுமென்றே கரி பூசுகிற இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவன், வாழ்நாளில் ஒரு துணிகூடத் துவைத்திருக்க மாட்டான் என்பது பெரியவரின் முடிவு.

எதிராளி பஸ் கண்டக்டரம்மா. ஓடுகிற வண்டியில் எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழிக்கிறவளின் கால், மண்தரையில் அசையுமா? நடுவர் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார். இருவரும் மேஜையருகே சிரித்துப் பேசியதைப் பெரியவர் பார்த்துவிட்டார்.

"பாத்தியாடா, ஒரே பிளாஸ்க்ல டீ குடிக்கிறாங்க" என்றார் பக்கத்தில் நின்ற மகனிடம்.

"அப்பா, அது எல்லாருக்கும் வச்ச டீ. நீங்களும்தான் குடிச்சீங்க."

"நான் குடிச்சது வேற."

விசில் ஊதியது. கம்புகள் மோதின. மருமகளின் காலடி சுத்தமாக இருந்தது, கைதான் ஒரு நொடி பிந்தியது. மடங்க மறுத்த சட்டைக் கை ஒவ்வொரு வீச்சுக்கும் முறைத்துக்கொண்டு நின்றது. கண்டக்டரம்மாவின் கம்பு அவள் தோளில் ஒன்று, விலாவில் ஒன்று என்று 'டப் டப்'பென விழுந்தது. இவளும் விடாமல் திருப்பிக் கொடுத்தாள்.

ஆட்டம் நின்றது. கண்டக்டரம்மாவின் சட்டையில் அங்கங்கே கரி. மருமகளின் சட்டையிலோ சோப்பு விளம்பரம் போல ஒரு பொட்டுகூட இல்லை. கூட்டம் கை தட்டியது. பெரியவர் எழுந்தே விட்டார்.

"இருங்க சார்" என்றாள் கண்டக்டரம்மா. "தோள்ல நான் போட்டது தெருவுக்கே கேட்டிருக்கும். கரி எங்க?"

"தோத்தவங்க பேச்சு எப்பவும் இப்படித்தான் இருக்கும்!" என்று பெரியவர் கயிற்றுக்கு வெளியிலிருந்தே குரல் கொடுத்தார்.

வாத்தியார் ஒரு கம்பை எடுத்து, கரி நுனியை மருமகளின் தோளில் அழுத்தித் தேய்த்தார். தூள் வழவழவென்று வழுக்கிக் கீழே கொட்டியது. சட்டை அப்படியே பளபளத்தது.

"யாரு தேச்சது இதை?"

"நான்தான்!" என்றார் பெரியவர், நெஞ்சை நிமிர்த்தி. "வேற யாருக்கு இந்த மாதிரி வரும்?"

மகன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மருமகள் கம்பைக் கீழே ஊன்றினாள். "தோள்ல பட்டுது சார். விலாவுலயும் பட்டுது. இந்த ஜெயிப்பு எனக்கு வேண்டாம். மறுபடியும் ஆடலாம்."

"அடிப் பைத்தியமே, வாயை மூடு!" என்று பெரியவர் பல்லைக் கடித்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாற்றுச் சட்டை யாரிடமும் இல்லை. கண்டக்டரம்மாவே தன் பையிலிருந்து ஒன்றை உருவினாள். டிபன் டப்பாவுக்கு அடியில் சுருண்டு கிடந்த பழைய வெள்ளைச் சட்டை. அதன் சுருக்கங்களைப் பார்த்ததும் பெரியவர் கயிற்றுக்கு மேலாக எட்டிக் கையை நீட்டினார். "தண்ணியாவது தெளிச்சு உதறுங்க..." என்றார் ஈனமாக. யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் மருமகள் வேறு ஆளாக இருந்தாள். தொளதொளத்த சட்டைக்குள் கை நினைத்த இடத்துக்குப் போனது. கண்டக்டரம்மாவும் சளைக்கவில்லை. இருவர் மேலும் கரி ஏறிக்கொண்டே வந்தது. பெரியவர் நாற்காலியின் கைப்பிடியை இஸ்திரிப்பெட்டி மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தார். கடைசி விசிலுக்குச் சற்று முன் மருமகள் குனிந்து, எதிராளியின் கம்புக்கு அடியில் நுழைந்து, மார்பில் ஒரு தடம் வைத்தாள்.

வாத்தியார் எண்ணினார், மறுபடியும் எண்ணினார். ஒரே ஒரு தடம் குறைவு. மருமகளின் கையைத் தூக்கிக் காட்டினார். கண்டக்டரம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேர் கரியும் ஒன்றாகக் கலந்தது.

"இப்பவாவது ஒத்துக்குங்கப்பா" என்றான் மகன். "கஞ்சி இல்லாததாலதான் கை மடங்குச்சு."

"போடா. சொந்தச் சட்டையில கரி ஆக்க எந்தப் பொம்பளைக்காவது மனசு வருமா? அந்தம்மா கையை அடக்கித்தான் அடிச்சா. கஞ்சி போட்டிருந்தா இவ இன்னும் சுலபமா ஜெயிச்சிருப்பா."

"மாமா, போட்டோ எடுக்கப்போறாங்க, வாங்க!" என்று மருமகள் கூப்பிட்டாள்.

"அந்தச் சுருக்கத்துக்குப் பக்கத்துல நான் நிக்கணுமா? ஆளை விடு."

வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு பெரியவர் வாசலைப் பார்த்து நடந்தார். வழியில் டீ பிளாஸ்க்கை நின்று ஒரு முறை முறைத்துவிட்டு, மறுபடி நடந்தார்.