ஒரு நேரத்தில் ஒரு கன்னம்

1

இந்தக் கதை எனக்கு ஆசுபத்திரியில் கிடைத்தது. தங்கச்சியின் பிள்ளைக்குச் செங்கண்மாரி, உடம்பெல்லாம் மஞ்சள்; துணைக்கு நான். பக்கத்துக் கட்டிலில் குறிஞ்சாக்கேணி நஸ்ரின். அவளுடைய மகன் முதுகெலும்பு மூடாமல், அந்த இடத்தில் தோலும் இல்லாமல் பிறந்தவன். டொக்டர் சோபனா நரம்பை உள்ளே வைத்துத் தைத்து, இரண்டு பக்கத்துத் தோலையும் இழுத்து மூடியிருந்தார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கொட்டியாரக் குடாவில் அன்று காற்று...’ சீ, பிள்ளை குப்புறக் கிடக்கும்போது காற்றுக்கு இங்கே என்ன வேலை?

(குப்புறத்தான் கிடக்கவேண்டும். முதுகு அழுந்தினால் தைத்த தோலுக்கு இரத்தம் போகாது, தோல் செத்துவிடும். நஸ்ரினுக்கோ வயிற்றை வெட்டி எடுத்த பிரசவம், குனிய ஏலாது. மேலே நின்று பார்த்தால் ஒரு நேரத்தில் ஒரு கன்னம்தான்.)

2

ஏழாம் நாள். வீட்டில் என்றால் முடி இறக்கிப் பெயர் வைத்திருப்பார்கள். மாமியார் றுக்கியா வந்தார். முகம் பார்க்காமல் என்ன பெயர் என்று பிள்ளையை மல்லாத்தி...

3

பொய். மாமியார் என்றதும் நீங்களும் நம்பிவிட்டீர்கள், பார்த்தீர்களா?

மல்லாத்தியது நஸ்ரின். றுக்கியா தேத்தண்ணி வாங்கப் போயிருந்தார். பிள்ளையை மடியில் கிடத்தி நெடுநேரம் பார்த்தாள். நான் பக்கத்தில் இருந்து அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எழுதலாம் என்று. முதுகு அழுந்தும் என்று சொல்ல நான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பின்னேரம் தையலோரம் கறுத்திருந்தது.

“ஆர் பிள்ளையை மல்லாக்கக் கிடத்தினது?” என்று டொக்டர் கேட்டார்.

நஸ்ரினின் முகத்தைப் பார்த்தே றுக்கியாவுக்கு விளங்கியிருக்கவேண்டும். “நான்தான் டொக்டர். தெரியாமச் செஞ்சிட்டன்.”

டொக்டர் ஏசு ஏசென்று ஏசினார். இரண்டு நாள் பார்ப்போம், கறுப்புப் பரவினால் வெட்டி எடுக்கவேண்டும், திரும்ப மூடத் தோல் காணாது என்றார்.

4

முடிவு அ: கறுப்பு அதோடு நின்றது.

முடிவு ஆ: கறுப்பு... கை வரவில்லை.

முடிவு இ: நான் எழும்பி உண்மையைச் சொன்னேன். (சொல்லவில்லை.)

அடுத்த நாள் எங்களுக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சம் எனக்குத் தெரியாது. கடைசியாகக் கண்டது இது: றுக்கியா மருமகளைக் கக்கத்தில் தாங்கி, மெதுவாகப் பிள்ளையின் கட்டிலோரம் தரையில் இருத்தினார்.

“தலையச் சரிச்சுப் பாருங்க மகள். முழுசாத் தெரியும்.”

தெரிந்தது. நஸ்ரின் அழுதாள். பெயர் இன்னும் வைக்கவில்லை.

பெயரையும் முடிவையும் உங்களிடம் விடுகிறேன். ஆனால் முதலில் நீங்களும் தரையில் இருந்து, தலையைச் சரித்து, அவனுடைய முகத்தைப் பாருங்கள்.