ஸ்ட்ராங் ரூம் குழாய்

தொண்ணூற்றாறாம் வருஷத்து உள்ளாட்சித் தேர்தலில், தாம்பரத்துக்குக் கிழக்கே ஒரு வார்டில் பொன்னுரங்கம் கவுன்சிலருக்கு நின்றார். எதிர்த்து நின்றது வேறு யாருமில்லை, அவர் மனைவி புஷ்பத்தின் கூடப் பிறந்த தம்பி ஜெயவேலுதான். வார்டு போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். மச்சானிடம் தோற்றுவிட்டுத் தீபாவளிக்கு மாமனார் வீட்டுப் படியை எந்த முகத்தோடு ஏறுவது? பொன்னுரங்கத்தின் கவலையெல்லாம் அதுதான். சாக்கடையும் தெருவிளக்கும் நோட்டீஸில் போடுவதற்கு.

ஓட்டுப்பதிவு முடிந்து பெட்டிகள் பள்ளிக்கூடத்து ஸ்ட்ராங் ரூமுக்கு வந்து சேர்ந்தன. ஸ்ட்ராங் ரூம் என்றதும் பேங்க் லாக்கர் மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். பின்பக்கத் தாழ்வாரத்தைச் செங்கல் வைத்து அடைத்து ஐந்தாம் வகுப்பு ஆக்கியிருந்தார்கள், அவ்வளவுதான். அப்படி அடைத்தபோது மொட்டை மாடி மழைத் தண்ணீரை இறக்கும் குழாயும் அறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அது மூலையில் இறங்கி, பின்சுவரைத் துளைத்து, வெளியே வாயை நீட்டிக்கொண்டிருந்தது. தேர்தல் அதிகாரி லக்ஷ்மிநாராயணன் ஜன்னல்களுக்குப் பலகை அடித்து, கதவைப் பூட்டி, பூட்டுக்குத் துணி சுற்றி அரக்கு வைத்தார். துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

வழக்கம்போல இரண்டு கட்சி ஆட்களும் எதிரெதிரே பாய் விரித்தார்கள். போலீஸ் பெட்டியைக் காக்கும். இவர்கள் போலீஸைக் காப்பார்கள். ஜெயவேலு தன் ஆட்களை விட்டுவிட்டு அவ்வப்போது வந்து போனார். பொன்னுரங்கம் ஆளை நம்பாமல் தானே தலையணையோடு வந்துவிட்டார். புஷ்பம் வேளாவேளைக்கு ஒரே குழம்பை இரண்டு கேரியரில் கொண்டுவந்து புருஷனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று வைப்பாள். தம்பி கேரியரில் ஒரு துண்டு மீன் கூடுதலாக இருக்கிறதா என்று பொன்னுரங்கம் எட்டி எட்டிப் பார்ப்பார்.

மறுநாள் காலை பின்பக்கம் ஒதுங்கப் போனவர், போன காரியத்தை மறந்து ஓடி வந்தார்.

"சார்! சுவத்துல ஓட்டை கீது சார்!"

லக்ஷ்மிநாராயணன் பதறிப்போய் வந்து பார்த்துவிட்டு மூச்சு விட்டார். "இது ரெயின் வாட்டர் பைப் சார். ரூமுக்குள்ள இதுக்கு ஓப்பனிங்கே கிடையாது."

"இந்தாண்ட ஓட்டை, அந்தாண்ட பெட்டி. எவனாவது ஆசிட் ஊத்துனான்னா இன்னா பண்ணுவ?"

"கீழேர்ந்து மேல எப்படி சார் ஊத்த முடியும்?"

"ஊத்துறவனுக்குத் தெரியும் சார், அவனாண்ட போய்க் கேளு! அடைக்கலன்னா ஜி.எஸ்.டி. ரோட்ல மறியல்தான்."

ஜெயவேலுவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வேண்டாம் என்றால், ஓட்டை வழியாக ஏதோ செய்யத்தான் திட்டம் போட்டிருக்கிறான் என்று ஊர் பேசும். அதனால் அவரும், "மாமா சொல்றது கரெக்ட்டு சார், அடைச்சுடுங்க" என்றார். வேலை போகாமல் இந்தத் தேர்தலைத் தாண்டினால் போதும் என்றிருந்த லக்ஷ்மிநாராயணனும் தலையாட்டினார். பக்கத்துத் தெரு பிளம்பர் அயூப் வந்து, செங்கல் ஜல்லியும் சிமெண்டும் கலந்து குழாயின் வாயைக் கெட்டியாக அடைத்து, மேலே வழவழவென்று பூசியும் விட்டார். மாடியில் இருந்த மேல்வாயையும் அடைக்கச் சொன்னார் பொன்னுரங்கம். சீல் வைத்த அறையின் தலைமேல் யாரும் ஏறக் கூடாது, அது ரூல் என்றார் அதிகாரி. ரூல் என்றதும் எல்லாரும் அடங்கிவிட்டார்கள்.

ஐப்பசி வாசலில் நிற்கிறது, மழை வந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பொன்னுரங்கத்துக்கு எப்படித் தோன்றும்? ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயைத் தூர்த்து மனை போட்டு விற்றுத்தான் அவர் பெரிய மனிதரானதே. தண்ணீர் அடுத்தவன் வீட்டுக்குப் போகும் என்பதுதான் அவர் அனுபவம்.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. சும்மா தூறல் இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. பொன்னுரங்கம் குடையோடு பின்பக்கம் போய்க் குழாயைத் தடவிப் பார்த்துவிட்டுப் பூரித்துப் போய்த் திரும்பினார்.

"ஒரு சொட்டு வரல! அயூப் வேலைன்னா வேலைதான்" என்று ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

டீ குடித்து முடிப்பதற்குள் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்து அவருடைய பாயை நனைத்தது. உள்ளே குழாயின் மூட்டு தெறித்து, மொட்டை மாடித் தண்ணீர் முழுக்க அறையில் கொட்டிக்கொண்டிருந்தது. "கதவைத் திற சார்!" என்று கத்தினார் பொன்னுரங்கம். மேலதிகாரி வராமல் சீலை உடைக்க முடியாது என்று நடுங்கினார் லக்ஷ்மிநாராயணன். மேலதிகாரியின் ஜீப் பல்லாவரத்தில் வெள்ளத்தில் நின்றுபோயிருந்தது. அது வந்து சேரும்வரை எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு தண்ணீரை வேடிக்கை பார்த்தார்கள்.

பொன்னுரங்கத்தின் தெருப் பூத்துதான் பள்ளிக்கூடத்துக்குப் பக்கம். அதனால் அந்தப் பெட்டிகள் முதலில் வந்து, மூலையில், குழாயடியிலேயே இறங்கியிருந்தன. திறந்தால் உள்ளே ஓட்டுச்சீட்டுகள் ஊறிக் கிடந்தன. முத்திரை மை மடிப்பில் ஒட்டிக்கொண்டு, மாமனுக்கு ஒரு குத்து, மச்சானுக்கு ஒரு குத்து என்று ஒவ்வொரு சீட்டும் இரண்டு பேருக்கும் ஓட்டுப் போட்டிருந்தது. மற்ற பெட்டிகளை எண்ணியதில் இருவரும் ஏறக்குறைய சமம். அந்த ஒரு பூத்துக்கு மட்டும் மறுவாக்குப்பதிவு என்று உத்தரவு வந்தது.

"சதி! குழாயை எவன் அடைச்சான்னு விசாரிக்கணும்!" என்று ஆரம்பித்த பொன்னுரங்கம், சுற்றி நின்ற முகங்களைப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

மறுபடி வீடு வீடாகக் கும்பிட்டுக்கொண்டு போனார். "இந்தத் தபா பெட்டிய எங்க வெக்கப் போறாங்கண்ணா, கெணத்துலயா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் சிரித்தபடியே போய் ஓட்டுப் போட்டார்கள். ஜெயவேலு ஜெயித்தார்.

மாலையும் பட்டாசுமாக ஊர்வலம் தெருவில் போனபோது பொன்னுரங்கம் கதவைச் சாத்திக்கொண்டு புஷ்பத்தின் மேல் பாய்ந்தார்.

"எனுக்குத் தெரியும்டி. ரெண்டு தபாவும் நீ தம்பிக்குத்தான் குத்திக்கீற!"

புஷ்பம் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"மொத தபா உனுக்குத்தான்யா குத்துனேன். எங்க அம்மாவும் உனுக்குத்தான் குத்துச்சு, மாப்பிள்ளை தோத்துட்டா பொண்ணு மொகம் வாடிப்பூடும்னு. இந்தத் தெருவே உனுக்குத்தான் போட்டுச்சு. நீதான் ஒருத்தரயும் நம்பாம அத்தனையும் தண்ணியில ஊறப்போட்ட."

"ரெண்டாவது தபா?"

"தம்பிக்கு" என்றாள் புஷ்பம். கதவைத் திறந்துகொண்டு ஆரத்தி எடுக்க வெளியே போனாள்.