இமெல்டா வீட்டில் பிள்ளைகள் அழாது

என் மகள் பிலோமி அழுவதே இல்லை என்று நான் கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனை முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். என் வாயில் மண்ணைப் போட!

உலக யுத்த காலம். கப்பலுக்கு அவசரமென்று தேயிலை ஸ்டோரில் எங்களைப் பிழிந்தெடுத்தார்கள். பெண்கள் எல்லோரும் நிலத்தில் குந்தியிருந்து தேயிலையில் குச்சி பொறுக்க வேண்டும். தூசி மூக்கில் ஏறும், இருமினாலும் கை நிற்கக் கூடாது. பால்குடிப் பிள்ளைகளைப் ஸ்டோருக்குப் பின்னால் உள்ள குறுகிய ஒழுங்கையில் இமெல்டா அக்கா வீட்டில் விட்டுவிட்டு வருவோம். அங்கே ஒரு பிள்ளை அழுதால் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். கேட்டால் எங்களுக்குப் பால் சுரந்து சட்டை நனையும், கை ஓடாது. கங்காணி சுந்தரலிங்கம் பாய்ந்து விழுவான். "அக்கா, எப்பிடியாவது அழாமப் பாத்துக்கொள்ளுங்க" என்று நாங்கள்தான் அவளைக் கெஞ்சினோம். அவளும் பார்த்துக்கொண்டாள். எப்படி என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் வேலை; முடிந்ததும் பிலோமியைத் தூக்கிக்கொண்டு மாதா கோயில் திருநாளுக்குப் போனேன். மாதாவின் சுரூபம் வெளியே வரும்போது காதருகே சீனவெடி படபடத்தது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வீரிட்டன. பிலோமி என் தோளில் ஈரத்துணி போலக் கிடந்தாள். "தங்கமான பிள்ளை" என்றார்கள். நான் அவளை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தேன். இவள் வயதுப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கின்றன. இவளுக்கு இன்னும் தலைகூட நேராக நிற்கவில்லை.

மறுநாள் ஸ்டோரில் எனக்குக் குச்சி எது, இலை எது என்று தெரியவில்லை. எழும்பினேன், இருந்தேன், மறுபடியும் எழும்பினேன். கங்காணி முன் வாசலுக்குப் போனதும் பின் கதவால் ஓடிவிட்டேன்.

இமெல்டா வீட்டில் பிள்ளைகள் பாயில் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு துணி முடிச்சு. பிலோமியின் வாயிலிருந்ததை இழுத்தெடுத்து நக்கிப் பார்த்தேன். தேனுக்கு அடியில் கைத்தது. என் ஆச்சி வயிற்றோட்டத்துக்கு உருட்டி விழுங்கும் மருந்தின் அதே கசப்பு.

"அபினா? அடி பாவி! என்ர பிள்ளைக்கு அபினா குடுக்கிற?"

இமெல்டா கோபப்படவில்லை. "கடுகளவுதான், பேர்ணடெற். இல்லாட்டி இத்தனையையும் நான் ஒருத்தி எப்பிடி அடக்கிற? அழக் கூடாதெண்டு நீங்கதானே சொன்னீங்க?"

அறைய ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பாவம் எங்களுக்கும்தான். எல்லா முடிச்சுகளையும் பிடுங்கி வெளியே எறிந்தேன்.

பிலோமியைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையில் மேலும் கீழும் நடந்தேன். முகத்தில் தண்ணீர் தெளித்தேன். உள்ளங்காலைத் தட்டினேன், கிள்ளினேன், பெயர் சொல்லிக் கத்தினேன். மாதாவே, கண்ணைத் திறக்க வையம்மா! இமெல்டாவும் பயந்துபோய் மற்றப் பிள்ளைகளைத் தட்டி எழுப்பத் தொடங்கினாள்.

வெயில் சாயும் நேரம் பிலோமி முனகினாள். பிறகு வாயைப் பிளந்து அழுதாள். கேட்டு மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டன. சுவருக்கு அப்பால் ஸ்டோரின் இரைச்சல் நின்றது.

பின் கதவு படாரென்று திறந்தது. கங்காணி.

"பேர்ணடெற்! அந்தப் பிள்ளையை அடக்கு!"

"அடக்கமாட்டன், ஐயா. பிறந்ததில இருந்து அடக்கியாச்சு."

அவன் என்னை நோக்கி ஓரடி வைத்தான். அதற்குள் சட்டை நனைந்த பெண்கள் அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒழுங்கைக்குள் ஓடிவந்தார்கள்.