சுத்தக்காரி வீட்டு வளைகாப்பு

சாமுண்டீஸ்வரி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிடவே எங்கள் மாடியில் எல்லோருக்கும் பயம். சிங்கப்பூர்த் தேக்காவில் அப்படி ஒரு சுத்தக்காரி கிடையாது. தரை, கழிவறை, கதவுப்பிடி எல்லாவற்றுக்கும் ஒரே கிருமிநாசினிப் போத்தல். மருமகள் தாரணிக்கும் அதே போத்தல்தான் என்று எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? துணி காயப்போடும் ஜன்னல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் காது என்ன செய்யும்?

தாரணியும் அவள் கணவன் அருண்ராஜும் காத்தோங் பிள்ளையாரிடம் பல வருடம் நடையாய் நடந்து உண்டான பிள்ளை. ஐந்தாம் மாதத்தில் அவளுக்கு வெள்ளைப்பட்டது, கூடவே ஒரு வாடை. மாமியார் வைத்தியம் சொன்னாள்: "ரெண்டு மூடி தண்ணில ஊத்தி, உள்ள வரைக்கும் கழுவு." கழுவினாள். தலையில் மல்லிகை நாளுக்கு நாள் கூடியது. மின்தூக்கியில் மட்டும் ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

எதிர்வீட்டு நஸீஹா மருத்துவமனையில் தாதி. விஷயம் அவள் காதுக்குப் போனது. கொண்டுபோனது வேறு யார், நான்தான். தாரணியைத் தாழ்வாரத்தில் பிடித்தாள்.

"கழுவாதீங்கக்கா. உள்ள நல்ல கிருமி இருக்கு, தயிர்ல இருக்கே, அந்த ஜாதி. அதுதான் காவல். அது செத்தா கெட்டது ஏறிடும், குறைமாசத்துல வலி வந்துடலாம். டாக்டர்கிட்ட ஸ்வாப் டெஸ்ட் கேளுங்க லா, பஞ்சுக்குச்சியால எடுக்கிறதுதான். இப்பவே தெரிஞ்சா மருந்துல போயிடும்."

கிருமியில் நல்லதாம்! சாமுண்டீஸ்வரி கேட்டிருந்தால் நஸீஹாவையே கழுவி விட்டிருப்பாள்.

தாரணி போய்வந்தாள். ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. "என் வீட்ல ஏது கிருமி?" என்று மாமியார் மாடி முழுக்க லட்டு கொடுத்தாள். கழுவலும் தொடர்ந்தது. மல்லிகையும் குறையவில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு. நஸீஹா வளையல் போட உட்கார்ந்தபோது தாரணியின் முகம் வேர்த்திருந்தது.

"என்னக்கா?"

"காலையிலேருந்து இடுப்பு இழுக்குது. சூட்டு வலின்னு அத்தை சொல்றாங்க."

நஸீஹா குரலைத் தாழ்த்தினாள். "டெஸ்ட்டுக்குப் போன அன்னிக்குக் கழுவலைதானே?"

"கழுவாம எப்படிம்மா? டாக்டர்கிட்ட அப்படியேவா போறது? அன்னிக்கு இன்னும் ரெண்டு மூடி சேர்த்து ஊத்தினேன்."

வளையல் தாரணியின் விரல் முட்டியிலேயே நின்றுவிட்டது.

"அப்புறம் குச்சியில என்னக்கா தெரியும்? எழுந்திருங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"நல்ல காரியம் பாதியில நிக்கக் கூடாது," என்றாள் சாமுண்டீஸ்வரி. "வளையல் ஒத்தைப்படையா முடியட்டும்."

தாரணி எழுந்தாள். பட்டுப்புடவையின் பின்பக்கம் நனைந்திருந்தது. நாற்காலியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. 

அருண்ராஜும் நஸீஹாவும் அவளைத் தாங்கிக்கொண்டு போனார்கள். மின்தூக்கி மூடும்வரை வளையல் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சாமுண்டீஸ்வரி தரையில் மண்டியிட்டு, போத்தலைத் திறந்து, அந்தச் சொட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.