அறுபது றாத்தல் நூல்

அந்தக் கடையின் பின்சுவர் முழுக்க மீன்பிடி நூல்தான். சின்னச் சின்ன உருளைகளில் சுற்றி, முழங்கால் உயரத்திலிருந்து கைக்கு எட்டாத உயரம் வரை தொங்கவிட்டிருந்தார்கள். பச்சை, ஊதா, புகை நிறம், நிறமே இல்லாத கண்ணாடி நிறம். ஆக்லாந்தின் நியூ லின்னில் பிளாஸ்டிக் ஃபாக்டரி வேலை முடித்து, போட்ட உடுப்போடேயே வந்திருந்த எமில், அந்தச் சுவரின் முன்னால் தேர்வு மண்டபத்தில் நிற்பவன் போல நின்றான்.

விடிந்தால் சனிக்கிழமை. இவோன் அக்காவின் படகில் அவனுக்கு முதல் பயணம்.

இவோன் பேசாலைக்காரி. மன்னாரில் அவள் அப்பாவுக்குச் சொந்தமாகப் படகு இருந்தும் பெண்பிள்ளை என்று ஒருநாளும் அவளை ஏற்றியதில்லை. ஆக்லாந்துக்கு வந்து, ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்து, சோபா வாங்க முன்னமே ஒரு பழைய அலுமினியப் படகை வாங்கினாள். அவள் கணவர் டெஸ்மனுக்குக் கடலைப் பார்த்தாலே வயிற்றைப் பிரட்டும். படகைக் காரில் கட்டி இழுத்து வந்து தண்ணீரில் இறக்கிவிட்டு, திரும்பி வரும்வரை காருக்குள் பேப்பர் படிப்பதுதான் அவர் பங்கு.

படகில் மூன்று பேர்தான் போகலாம். ஒன்று இவோன். இன்னொன்று, மலேசியாவிலிருந்து வந்து கணக்காளராக வேலை பார்க்கும் சிவனேசன். மூன்றாவது இடத்தில் இருந்த நவின் வேலை மாறி வெலிங்டன் போய்விட்டான். அந்த இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள். எமில் ஒருவன். மற்றவர் தியாகலிங்கம், சொந்தமாகவே தூண்டில் தண்டுகள் வைத்திருப்பவர், பின்னேரமானால் இவோன் வீட்டுக்குப் போன் எடுப்பவர்.

"ஒரு சனி வா, பாப்பம்," என்று சேர்ச் வாசலில் இவோன் சொல்லியிருந்தாள். "சரிவந்தா இடம் உனக்கு. சரிவராட்டி தியாகலிங்கம் அண்ணைக்கு. கோவிக்கப்படாது, என்ன?"

எமில் கோபிக்க மாட்டான்தான். ஆனால் அந்த இடம் அவனுக்கு வேண்டும். ஃபாக்டரியில் அவனை 'எம்' என்று கூப்பிட்டார்கள். கூட வாடகைக்கு இருந்த இரண்டு வெள்ளைக்காரப் பெடியளும் நல்லவர்கள்; டிவி பார்ப்பார்கள், சிரிப்பார்கள், படுப்பார்கள். சில கிழமைகளில் திங்கள் தொடங்கி வெள்ளிவரை அவன் வாயில் ஒரு தமிழ்ச் சொல் வராது. ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்குப் போன் எடுத்தால் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "அங்க ஆரோட கதைக்கிறனி?" என்பதுதான். "கனபேர் இருக்கினம் அம்மா," என்பான். போனை வைத்த பிறகு அந்தக் கனபேரையும் எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கும்.

கடைக்காரர் பக்கத்தில் வந்து நின்று, எங்கே போடப்போகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"படகில் போகிறோம். நூலுக்கும் தூண்டில் முள்ளுக்கும் நடுவில் கட்டுகிற துண்டு வேண்டும்."

"ட்ரேஸா? தண்ணீர் எப்படி, தெளிவா கலங்கலா?"

எமிலுக்குத் தெரிந்த கடல் பிளாக்ஹவுஸ் பேயில் இருந்தது. அங்கே கரையில் நின்றுதான் அவன் தனியாகத் தூண்டில் போட்டுப் பழகினான். அந்த மனுகாவ் குடாத் தண்ணீர், பால்விட்ட தேத்தண்ணி நிறம். போட்ட ஈயக் குண்டு முழங்கால் ஆழத்திலேயே மறைந்துவிடும். யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் அவன் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் மீன் சந்தையிலிருந்து பையில் வந்ததே தவிர, கடலிலிருந்து வந்ததில்லை.

"கலங்கல்," என்றான் திடமாக.

"அப்படியென்றால் தடிப்பாகவே போடலாம்," என்று அறுபது றாத்தல் எடை தாங்கும் என்று எழுதிய உருளையை எடுத்துக் கொடுத்தார் அவர். எமில் அதை இழுத்துப் பார்த்தான். எருமையைக் கட்டலாம். மீனை நழுவவிட்டவன் என்ற பெயர் மட்டும் தனக்கு வராது என்று நினைத்தபோதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

காலையில் ஹாஃப் மூன் பேயில் படகை இறக்கும்போது டெஸ்மன் அவனைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சொன்னார்.

"தம்பி, ஒண்டு சொல்லிவிடுறன். போட்டில ஒருத்தற்ற தூண்டிலப் பற்றி மற்றவர் வாய் திறக்கப்படாது. கேட்டாத்தான் சொல்லலாம். இவோனின்ர அப்பா காலத்துச் சட்டம். அந்தாளின்ர போட்டில ரெண்டு தம்பிமார் ஒரு முடிச்சுக்காகச் சண்டை பிடிச்சு, பிறகு ஒருத்தற்ற செத்தவீட்டுக்கு மற்றவர் போகேல்லயாம்."

"நான் ஒண்டும் கதைக்கமாட்டன் அண்ணை."

"கதைக்காமலும் இருக்காத. அவளுக்கு விசர் வந்திடும்."

அந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துச் செய்வது என்று யோசித்தபடியே எமில் படகில் ஏறினான்.

வைஹெக்கித் தீவின் ஓரமாக, ஒரு பாறைக்குப் பக்கத்தில் இவோன் நங்கூரம் போட்டாள். ஒரு கிழமையாகக் காற்றில்லாமல் கடல் தெளிந்து கிடந்தது. எமில் விளிம்பால் எட்டிப் பார்த்தவன் சட்டென்று பின்னுக்கு வந்தான். அடி தெரிந்தது. பழுப்புநிறக் கடற்பாசி தலையை ஆட்டிக்கொண்டு நின்றதும், அதற்கு நடுவே வெள்ளை மணல் திட்டும், அந்த மணலில் நங்கூரச் சங்கிலி கோணலாகக் கிடந்ததும் தெரிந்தன.

"என்ன தம்பி, வீட்டு ஜன்னல் மாதிரி இருக்கா?" என்றார் சிவனேசன். "இங்க மீன் நம்மள பாத்துட்டுத்தான் முடிவு பண்ணும் லா. நான் சவரம் பண்ணிட்டு வந்திருக்கேன் பாரு."

"சவரம் செய்தும் பிரயோசனமில்லை," என்றாள் இவோன். பின்பக்கத்தில், மீனை வரவழைக்க, அரைத்த மீன் கட்டியை ஒரு வலைப்பையில் போட்டுத் தொங்கவிட்டாள். அது கரைந்து, எண்ணெய்ப் பளபளப்போடு பாறைப்பக்கம் போயிற்று. "இரைக்குச் சாளையை வெட்டுங்கோ. ஈயம் வேண்டாம். சும்மா மிதந்து போகட்டும்."

மூன்று பேரும் போட்டார்கள். சிவனேசனின் இரைத்துண்டு பறவை இறகு போலச் சுழன்று சுழன்று இறங்கியது. இவோனுடையதும் அப்படியே. எமிலுடையது மட்டும், கம்பியில் குத்தி வைத்த வெண்டைக்காய் போல விறைத்துக்கொண்டு நின்றது. அதன் மேலே அவனுடைய அறுபது றாத்தல் ட்ரேஸ், வெயில் பட்டு, துணி காயப்போடும் கயிறாக மின்னியது. அவனுக்கே தெரிந்தது. கீழே இருக்கும் மீனுக்குத் தெரியாமல் போகுமா?

சிவனேசனின் தண்டு வளைந்தது. பிறகு இவோனுடையது. இளஞ்சிவப்பு ஸ்னாப்பர் மீன்கள், முதுகில் நீலப் பொட்டுக்களோடு, ஐஸ் பெட்டிக்குள் விழுந்து அடித்தன. எமில் தன் இரையை இழுத்துப் பார்த்தான். போட்டபடியே இருந்தது. ஒரு பல்லடையாளம்கூட இல்லை.

சிவனேசன் அவனுடைய நூலைப் பார்த்தார். வாயைத் திறந்தார். இவோன் இருமினாள். அவர் அவசரமாகச் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு பணிஸை எடுத்து வாய்க்குள் அடைத்துக்கொண்டார்.

"வானம் நல்லாயிருக்கு," என்றாள் இவோன்.

"ம்," என்றார் சிவனேசன், பணிஸோடு.

எமில் திரும்பப் போட்டான். இந்தமுறை ஒரு மீன் நிழல்போல மேலே வந்தது. இரைக்குக் கிட்டப் போய், நின்று, பக்கவாட்டில் திரும்பிப் பாசிக்குள் போயிற்று. தன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனதாக எமிலுக்குப் பட்டது. இவோன் அதைக் கண்டாள். காணாதவள் போல மோட்டரைத் துடைக்கத் தொடங்கினாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

அவன் காதுகள் சூடேறின. கேட்டாத்தான் சொல்லலாம் என்று டெஸ்மன் சொன்னது ஞாபகமிருந்தது. ஆனால் கேட்பதென்றால், எனக்குத் தெரியாது என்று சொல்லவேண்டும். எனக்குத் தெரியாது என்று சொன்னால், எல்லாம் தெரிந்த தியாகலிங்கம் படகின் இந்தப் பலகையில் வந்து உட்காருவார். கேட்காமலே இருந்தால்? அப்போதும் அவர்தான் உட்காருவார், கொஞ்சம் பிந்தி. எமில் இரண்டையும் மாறி மாறி நினைத்தான். படகு நங்கூரக் கயிற்றில் மெல்ல ஒருபக்கம் போய், மறுபக்கம் வந்தது. இதைவிடத் தனியாகப் பிளாக்ஹவுஸ் பேயிலேயே நின்றிருக்கலாம். அங்கே அவனுக்குத் தெரியாதது ஒருவருக்கும் தெரியாது.

இவோன் இன்னொரு மீனை இழுத்துப் போட்டாள். சந்தோஷமாக அல்ல, குற்றம் செய்தவள் போல.

"அக்கா," என்றான் எமில். குரல் அவன் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. "என்ர நூல்... இது சரியோ?"

இவோன் தன் தண்டைக் கீழே வைத்தாள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள்.

"அப்பாடா! ஐயோ கடவுளே, உது நூலோ? உது மாட்டுக் கயிறடா! திமிங்கிலம் பிடிக்கவோ வந்தனீ..."

"தம்பி, நான் போட்டப்பவே பாத்தேன் லா! சொல்ல முடியாம என் நெஞ்சே அடைச்சுப் போச்சு, இவங்க சட்டம் அப்படி..."

"நீங்கள் பணிஸைச் சாப்பிடுங்கோ, நான் சொல்லுறன். எமில், உந்தத் தடிப்பு வளையாது. வளையாட்டி சாளை சீவனில்லாமல் நிக்கும். தெளிஞ்ச தண்ணியில மீன் எல்லாத்தையும் பாக்கும்."

"கண்ணுக்கே தெரியாத நூல் என்கிட்ட இருக்கு." சிவனேசன் தன் பெட்டியைத் திறந்தார். அடுக்கடுக்காக உருளைகள். "ஃபுளோரோகார்பன். புதுசு. ஜப்பான்காரன் பண்ணது. தண்ணிக்குள்ள போட்டா காணாம போயிரும். பத்து பவுண்ட் போடு, போதும்."

"பத்தோ? பாசிக்குள்ள ஒருக்கா ஓடினா பத்து றாத்தல் பஞ்சாய்ப் போகும். எமில், இருவது போடு. உந்தக் கண்ணாடி நூல் ஒண்டும் வேண்டாம், சாதா நைலோன் தங்கூசி போதும்."

"அக்கா, சாதா நைலான் வெயில்ல மின்னும்."

"மின்னினா என்ன? இந்தா பெட்டி நிறைய மீன் கிடக்கு. எல்லாம் கண் தெரியாத மீனோ?"

இரண்டு பேரும் எமிலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் இரண்டு உருளைகளையும் கையில் வாங்கினான். ஒன்றைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தான். மற்றதையும் நனைத்துப் பார்த்தான். சிவனேசனுடையது உண்மையாகவே பாதியில் மறைந்தது. ஆனால் கீழே பாசி காடாக நின்றது. இவோன் சொன்னதிலும் பிழையில்லை.

"அண்ணை, உங்கட நூலில பதினைஞ்சு இருக்கோ?"

"இருக்கு."

"அக்கா, எவ்வளவு நீளம் கட்ட?"

"ஒரு பாகம். ரெண்டு கையையும் விரி. அவ்வளவு."

அவன் கைகளை விரித்து அளந்து, வெட்டி, எச்சில் தொட்டு முடிச்சை இறுக்கினான். தண்டின் நூலோடு ட்ரேஸைச் சேர்க்க இரண்டு தரம் பிழைத்து, மூன்றாம் தரம் சரிவந்தது.

"அவர் சொன்னதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை," என்று இவோன் முகத்தைச் சுளித்தாள். "நல்ல அரசியல்வாதியா வருவாய்."

இரை இம்முறை சுழன்று இறங்கியது. நூல் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று எமிலால் கண்டுபிடிக்க முடியவில்லை. பாசியின் தலைமட்டத்துக்குப் போனதும் வெள்ளைத் துண்டு இல்லாமல் போயிற்று. ஒரு கணம் கழித்துத் தண்டு அவன் கையிலிருந்து பறிபடப் பார்த்தது.

"ஓடுது! விடு, ஓட விடு!"

மீன் பாசியை நோக்கித்தான் ஓடியது. எமிலுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. நழுவக்கூடாது, நழுவவே கூடாது. சுற்றுகிற ரீலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தான். டப் என்ற சத்தம். தண்டு நிமிர்ந்தது.

சிவனேசன் வானத்தைப் பார்த்தார். இவோன் மறுபடியும் மோட்டரைத் துடைக்கப் போனாள்.

அறுந்த நுனியை எமில் விரலில் வைத்துப் பார்த்தான். கண் கலங்கியது. இருந்தாலும் வாய் இந்தமுறை காத்திருக்கவில்லை.

"ஏனக்கா அறுந்தது? நூல் பிழையோ, நானோ?"

"நீதான்!" என்றாள் இவோன் உடனே. "நூல் என்ன பாவம் செய்தது? மாட்டைப் பிடிச்ச மாதிரி எல்லே பிடிச்சனீ."

"ரீல்ல இருக்கிறது கால்பிரேக் தம்பி, ஹேண்ட்பிரேக் இல்ல," என்றார் சிவனேசன். அவன் ரீலின் குமிழைத் திருகி, கையால் நூலை இழுத்துக் காட்டினார். முறுக்கிக்கொண்டு, ஆனால் நூல் வந்தது. "இந்த அளவு. மீன் இழுத்தா கொடு. நின்னா சுத்து. விரல மட்டும் அங்க வைக்காதே, நான் வெட்டிப்புடுவேன்."

"பாசிக்குள்ள போனா?"

"தண்டைச் சரிச்சுப் பக்கமா இழு," என்றாள் இவோன். "நேரே மேல தூக்காத."

திரும்பக் கட்டினான். பேச்சு நிற்கவில்லை. முடிச்சில் தொடங்கி, சிவனேசனின் மாமியார் சுங்க அதிகாரியிடம் கருவாட்டை ஊறுகாய் என்று சொன்ன கதைக்குப் போய், இவோனின் ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு வந்தது. எமில் கேட்டுக்கொண்டே இருந்தான். இடையிடையே அவனும் சொன்னான். ஃபாக்டரியில் வாளிக்கு மூடி பொருந்தாமல் போன கதையைச் சொன்னபோது சிவனேசன் தொடையில் தட்டிச் சிரித்தார். நூலைக் கொஞ்ச நேரம் அவன் மறந்தே போனான்.

அந்த நேரம் பார்த்துத்தான் இழுத்தது. அவன் கொடுத்தான், சுற்றினான், சரித்தான், மறுபடி கொடுத்தான். இரண்டு பேரும் இரண்டு காதிலும் கத்தினார்கள். இவோன் வலைத்தடியை நீட்டி அள்ளினாள். பெரிய மீன் இல்லை. முன்னம் அறுத்துக்கொண்டு போனதில் பாதிகூட இராது. ஆனால் பெட்டிக்குள் விழுந்தபோது மற்ற மீன்களைப் போலவே சத்தம் போட்டது.

படகிறக்கும் ராம்ப்பில் டெஸ்மன் ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் விட்டு, ஓடுவதற்குத் தயாரானவர் போல எட்ட நின்றார்.

"எத்தினை?"

"பெட்டியைப் பாருங்கோ," என்றாள் இவோன். "இஞ்சேருங்கோ, தியாகலிங்கம் அண்ணைக்கு ஒரு போன் எடுத்து விடுங்கோ. இடமில்லையெண்டு. இண்டைக்கே சொல்லாட்டி பின்னேரம் தண்டோட வீட்டுக்கு வந்து நிப்பார்."

படகின் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்த எமிலின் கையில் பிரஷ் நின்றது.

"பெடியன் கனக்கப் பிடிச்சவனோ?" என்றார் டெஸ்மன்.

"ஒண்டு. இன்னொண்டை அறுத்தவன்."

"தியாகலிங்கம் எண்டா தனிய ஒரு பெட்டி பிடிப்பார், தெரியுமெல்லே?"

"பிடிப்பார். அந்தாள் செத்தாலும் ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேளார். எங்கட சட்டப்படி கேளாட்டி சொல்லவும் ஏலாது. நான் நாள் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு மீன் பாக்கவோ? இந்தப் பெடியன் கேட்டுக் கேட்டு எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு." அவள் ஈரக் கயிற்றைச் சுருட்டி எமிலின் பக்கம் எறிந்தாள். "டேய், அதைப் பிடிச்சு ட்ரெய்லரில கட்டு. அடுத்த சனிக்கு ஐஸ் உன்ர பொறுப்பு."

"எவ்வளவு ஐஸ் அக்கா? கட்டியோ, நொறுக்கினதோ?"

"பாத்தியளோ?" என்றாள் இவோன் கணவரிடம். டெஸ்மன் போன் கார்டைத் தேடிச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு, மேலே இருந்த டெலிபோன் பெட்டியை நோக்கி நடந்தார். நொறுக்கின ஐஸ்தான் நல்லது என்று சிவனேசன் தொடங்கினார். இல்லை, கட்டிதான் என்றாள் இவோன். எமில் கயிற்றைக் கட்டிக்கொண்டே இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டு நின்றான்.