வேல மரத்தைத் தாண்டி

"என்றா மாசாணம், இத்தனை நேரமா? பெரியநாயக்கன்பாளையம் வரைக்கும் காத்தாட்டம் வந்தியே!"

காரமடை எல்லையில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தியிருந்த வெங்கடபதி, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மாசாணம் சைக்கிளைவிட்டு இறங்கி மூச்சு வாங்கினான்.

"பஞ்சருங்க."

"அதுக்குள்ள ஒட்டிப்போட்டியா?"

"ஒட்டிப்போட்டனுங்க."

சொன்னது பொய்.

வெங்கடபதி கோயமுத்தூர் மில் ஒன்றில் விளையாட்டுச் சங்கக் காரியதரிசி. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜூபிலி சைக்கிள் பந்தயம். கோயமுத்தூரில் புறப்பட்டு, மேட்டுப்பாளையம் ரோட்டில் காரமடை வரை வந்து, அதே வழியாகத் திரும்ப வேண்டும். மில்கள், காலேஜ், தபாலாபீஸ் என்று பல இடத்து ஆட்களும் ஓட்டுகிறார்கள். தம் மில்லுக்காக வெங்கடபதி பொறுக்கியெடுத்தவன் மாசாணம். நூல் கொட்டகையில் வேலை செய்கிறவன். அவனைவிட வேகமாக மிதிக்கிறவன் மில்லில் கிடையாது. பழகுவதற்காக அந்த வாரம் பிற்பகல்களில் அவனுக்கு விடுப்பும் வாங்கிக் கொடுத்திருந்தார்.

ஆனால் பந்தயப் பாதையில் ஊஞ்சம்பாளையம் இருந்தது. மாசாணத்தின் சொந்த ஊர். சர்க்கார் ரோடு அந்த ஊரைப் பிளந்துகொண்டு போகிறது. தெற்கு எல்லையில் ஒரு வேல மரம், வடக்கு எல்லையில் மாரியம்மன் கோயில். ஊருக்கு ஒதுக்குப்புறமான வளவில் குடியிருக்கும் பண்ணையாட்கள் இந்த இரண்டுக்கும் நடுவே செருப்புப் போட்டு நடப்பதில்லை. சைக்கிளில் ஏறிப் போவதும் இல்லை. மாசாணம் வளவில் பிறந்தவன். வேல மரம் வந்ததும் இறங்கிவிடுவான். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோயிலைத் தாண்டும்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பான். திங்கட்கிழமை நடந்ததும் அதுதான்.

மில்லில் அவன் வேகமாக ஓட்டுகிறவன், அவ்வளவுதான். ஊர்ப் பேச்சை எடுத்து அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. வெங்கடபதிக்கும் இப்படிப்பட்ட ஊர்கள் உண்டென்று தெரியாமல் இல்லை. பந்தயத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

மனைவி பழனியாத்தாளிடம் மட்டும் அன்று மில் லைன் வீட்டில் சோறு தின்னும்போது சொன்னான்.

"ஞாயித்துக்கிழமை எறங்க மாட்டேன் புள்ள."

"இன்னைக்கு எறங்குனீங்களா?"

"இன்னைக்கு எறங்கிப்போட்டேன். பந்தயத்தன்னைக்கு வேற. பெரிய மனுசங்க நடத்தறது; ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஒரே ஒரு தடவை, ஊரே பாக்க, உக்காந்தபடியே போகோணும்."

"அப்பக் கோப்பை?"

"அது வந்தா வரட்டும்."

"மொதல்ல அந்த ரசத்தைக் குடிங்க. உக்காந்தபடியேதான்" என்றாள் பழனியாத்தாள்.

செவ்வாய்க்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு போனான். ஊர்க் கிணற்றில் பெண்கள் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார்கள். வேல மரத்தடியில் கால் தானாகத் தரைக்கு வந்தது. காரமடையில் கேள்வி வந்தபோது, "செயின் கழண்டுபோச்சுங்க" என்றான்.

வெங்கடபதிக்குக் கோபம் வந்துவிட்டது. "நேத்துப் பஞ்சர், இன்னைக்குச் செயின்! இது சைக்கிளா, தகர டப்பாவா? நாளையிலிருந்து இதைத் தொடாதே!"

புதன்கிழமை அவர் தம் மைத்துனரின் புதுச் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார். சீமையிலிருந்து வந்தது, கறுப்பு மினுங்கிற்று. மைத்துனர் ஆறடி உயரம். மாசாணம் ஏறி உட்கார்ந்தால் கீழே போகிற பெடலைக் கால் நுனிதான் தொட்டது. சீட்டை அடிவரை இறக்கியும் பயனில்லை. வேண்டாம் என்றால் பழைய சைக்கிளில் பழுதே இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கும்பிட்டு வாங்கிக்கொண்டான்.

துடியலூர் தாண்டியதும் ஒரு பார வண்டி சட்டென்று குறுக்கே திரும்பிற்று. பழைய சைக்கிளாக இருந்தால் காலை ஊன்றியிருப்பான். இதில் கால் எட்டவில்லை. சரளைக் கல்லில் விழுந்தான். வண்டிக்காரன் எட்டிப் பார்த்து, "மாட்டு மேல ஏறற உசரத்துக்கு ஒட்டகத்து மேல ஏறுனா இப்பிடித்தான்!" என்று சொல்லிவிட்டுப் போனான்.

முழங்கால் வீங்கிவிட்டது. பழனியாத்தாள் புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போட்டாள். வியாழக்கிழமை முழுவதும் படுத்திருந்தான். வெள்ளிக்கிழமை மிதிக்க முடிந்தது. ஆனால் எம்பி ஏற முடியவில்லை. கல்லோ திட்டோ இருக்கிற இடமாகப் பார்த்து, அதன்மேல் நின்றுதான் ஏற வேண்டியிருந்தது.

அன்று ஊஞ்சம்பாளையத்துத் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. கொளுத்தும் வெயில். ஒரு நாய் மட்டும் நிழலில் படுத்திருந்தது. அப்போதும் வேல மரத்தடியில் இறங்கிவிட்டான். நாயைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். ஆட்களுக்குப் பயந்து இறங்குகிறோம் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தான்?

இதற்கு ஒரே வழி, ஊர்ப் பண்ணாடி குமாரசாமிக் கவுண்டர் வாயாலேயே 'ஏறிப் போ' என்ற சொல்லை வாங்கிவிடுவது. சனிக்கிழமை தன் தகப்பன் நஞ்சப்பனிடம் போனான். நஞ்சப்பன் அந்தக் கவுண்டரின் பண்ணையில் ஆயுசு முழுவதும் வேலை செய்தவர்.

"இதைப் போயி எப்பிட்றா கேக்கறது? வாய் கூசுது" என்றார் நஞ்சப்பன்.

"நீங்க நில்லுங்கப்பா. நான் கேக்கறேன்."

கவுண்டர் மாட்டுப்பட்டியில் காங்கேயம் காளை ஒன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். மாசாணம் எட்ட நின்று விஷயத்தைச் சொன்னான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார்.

"ஏன்டா கண்ணு, உன்னைய எறங்குன்னு நான் எப்பவாச்சும் சொல்லியிருக்கறனா?"

மாசாணம் யோசித்துப் பார்த்தான். அவர் சொன்னதே இல்லை. யாருமே வாய்விட்டுச் சொன்னதில்லை.

"இல்லீங்க பண்ணாடி."

"பொறகென்ன? சர்க்கார் ரோடு, நீ பாட்டுக்கு ஓட்டு. நம்மூர்ப் பையன் ஓட்டறதை நான் பாக்கோணுமல்லோ? நாளைக்கு வேல மரத்தடியில சேர் போடச் சொல்றேன்."

கும்பிட்டுத் திரும்பும்போது நஞ்சப்பன் மகனின் காதில் சொன்னார்: "எத்தனை தங்கமான மனுசன் பாத்தியா?"  அந்தச் சேர் மாசாணத்தின் கண்ணுக்குள் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பந்தயம் புறப்பட்டது. போகும்போது எல்லாரும் ஒரே கூட்டமாகப் போனார்கள். புழுதிக்குள் முழங்கையோடு முழங்கை இடித்தது. முன்னும் பின்னும் சக்கரங்கள். நினைத்தாலும் இறங்க வழியில்லை. வேல மரமும் ஊரும் கோயிலும் ஒரே ஓட்டத்தில் பின்னால் போயின. சேர் காலியாக இருந்தது. இவ்வளவு சீக்கிரம் வருவார்கள் என்று கவுண்டர் எதிர்பார்க்கவில்லை போலும். புழுதியில் யார் எவன் என்று ஊருக்கும் தெரியவில்லை. கோயிலுக்கு அப்பால் நின்ற பழனியாத்தாள் மட்டும் அவனைக் கண்டுகொண்டு கையைத் தூக்கினாள்.

காரமடையில் திரும்பியபோது மூன்று பேர் முன்னே இருந்தார்கள். முழங்கால் நெருப்பாக எரிந்தது. இரண்டு பேரைப் பிடித்தான். மிச்சமிருந்தவன் காலேஜ் மாணவன் திருமலைசாமி. அவனையும் ஒரு மேட்டில் தாண்டினான். பிறகு முன்னால் புளிய மரங்களும் வெறும் ரோடும்தான்.

மாரியம்மன் கோயில் வந்தது. அவன் இறங்கவில்லை.

ஊரே இரண்டு பக்கமும் நின்றது. "அட, நம்ம நஞ்சப்பன் மகன்டோய்!" என்று யாரோ கத்தினார்கள். ஒரு சிறுமி கை தட்டினாள். கிணறு போயிற்று. கவுண்டர் வீட்டு வாசல் போயிற்று. இருபது வருஷத்துக்கு மேலாகத் தள்ளிக்கொண்டும் நடந்தும் போன தெரு, சீட்டின் உயரத்திலிருந்து பார்க்கும்போது எவ்வளவு சின்னதாக இருந்தது! இன்னும் கொஞ்ச தூரம். வேல மரத்தைத் தாண்டிவிட்டால் முடிந்தது.

வேல மரத்தடியில் சேர் இருந்தது. சேரில் வெள்ளைத் தலைப்பாகையோடு கவுண்டர் இருந்தார். பின்னால் நஞ்சப்பன் கைகட்டி நின்றார். மாசாணத்தைக் கண்டதும் கவுண்டர் 'போ, போ' என்று சந்தோஷமாகக் கையை உயர்த்தினார்.

அந்தக் கையைப் பார்த்ததுதான் தெரியும். பிரேக்கை அவன் விரல் அழுத்திவிட்டது. கால் கீழே வந்தது; எட்டாமல் தடுமாறி, ரோட்டில் நின்றான். வலது கை தோளுக்குப் போய்த் துண்டைத் தேடியது. பந்தயப் பனியன்மேல் துண்டு ஏது?

 கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"அட, ஏறுடா! நான்தான் ஓட்டச் சொன்னனல்லோ?" என்றார் கவுண்டர்.

எம்பிப் பார்த்தான். முழங்கால் தாங்கவில்லை. மறுபடி எம்பினான், சைக்கிள் சாய்ந்தது. நஞ்சப்பன் ஓடிவந்து குனிந்தார். "எம்பட முதுகுல மிதிச்சு ஏறு கண்ணு!"

மாசாணம் அந்த முதுகைப் பார்த்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கத் தொடங்கினான். திருமலைசாமி மணியடித்துக்கொண்டு போனான். அவன் பின்னால் இன்னொருவன், பிறகு ஒரு கூட்டம். வேல மரத்தைத் தாண்டி வெகுதூரத்தில் இருந்த மைல்கல்லின்மேல் நின்று மாசாணம் ஏறியபோது, அவனுக்குப் பின்னால் வருவதற்கு ஆள் அதிகம் மிச்சமில்லை.

கோயமுத்தூரில் கோப்பையைக் கொடுத்து முடித்திருந்தார்கள். வெங்கடபதி ஓடிவந்தார்.

"நீதான் முன்னால வர்றேன்னு மோட்டார்ல வந்தவங்க சொன்னாங்களேடா! என்னாச்சு?"

"பஞ்சருங்க."

அவர் குனிந்து முன் டயரை அமுக்கினார். பின் டயரையும் அமுக்கினார். "கல்லாட்டம் இருக்குதே?"

"அப்பச் செயினுங்களா இருக்கும்" என்றான் மாசாணம்.

வெங்கடபதி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மைத்துனரின் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் நஞ்சப்பன் மில் லைன் வீட்டுக்கு வந்தார். மகிழ்ச்சியில் மூச்சு இரைத்தது. மடியிலிருந்து புதுத் துண்டு ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"பண்ணாடி குடுத்தாங்க. ஊரெல்லாம் உன்ற பேச்சுத்தான். அத்தனை வேகத்துலயும் பையன் மரியாதையை மறக்கலையேன்னு எல்லார்த்துகிட்டயும் பண்ணாடி சொல்லிச் சொல்லி மாயறாங்க. வந்து ஒரு கும்பிடு போட்டுப்போட்டு வந்துரு கண்ணு."

பழனியாத்தாள் துண்டைத் தொடவில்லை. மாசாணம் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். ஊருக்குப் போக, சுவரில் சாய்த்திருந்த பழைய சைக்கிளை வெளியே எடுத்தான்.

"காத்து இருக்குதுங்களா?" என்று பழனியாத்தாள் கேட்டாள்.

"கல்லாட்டம் இருக்குது" என்றான்.